ஒரு கணிப்பொறி, இரண்டு கதவுகள்



"எங்கள் வீட்டில் ஒரே ஒரு கணிப்பொறிதான் உண்டு. கல்லூரியில் பயிலும் மூத்த மகன் அதில் லினக்ஸ் வேண்டும் என்கிறான். அவன் தந்தையோ, விண்டோசில் கை வைத்தால் கடைக் கணக்கு என்னவாகுமோ என்று அஞ்சுகிறார். ஒரு வாரமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டையும் ஒரே பொறியில் வைத்துக்கொள்ள முடியும் என்கிறார்களே, அது நம்மைப் போன்றோர்க்கு ஏற்றதா?" என்று ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார்.

முடியும், அம்மா. ஏற்றதும்கூட. ஆயினும் அதில் செய்ய வேண்டியவை சில, செய்யலாகாதவை சில உள்ளன. அவற்றை நூல்களில் படித்ததைவிட என் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். ஆதலின் முதலில் அந்தக் கதையைச் சொல்லி விடுகிறேன்.

எங்கள் வீட்டுக் கணிப்பொறி 2016-இல் வாங்கியது. என் அக்கா இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். அவர் பொறுப்பிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவின் கடன் கணக்குகளை எல்லாம் எங்கள் கணிப்பொறியில்தான் பதிந்து வந்தார். பதினான்கு பெண்களின் ஏழாண்டுக் கணக்கு அது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வருவார். ஒரு மணி நேரம் அமர்ந்து எழுதுவார். காப்பி அருந்திவிட்டுப் புறப்படுவார்.

சென்ற கோடை விடுமுறையில் என் மகன் தன் பாடத்திற்கென அப்பொறியில் லினக்சையும் சேர்த்து நிறுவினான். வேலையைத் திருத்தமாகவே செய்தான். பொறியை முடுக்கியதும் கரிய திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் தோன்றும். பத்து வினாடிக்குள் அம்புக்குறி விசையால் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். தேராவிட்டால் முதல் வரியிலுள்ள லினக்ஸ் தானே திறந்துகொள்ளும். அவனுக்கு அது வசதியாக இருந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அக்கா வந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் பத்து வினாடி கழிந்துவிட்டது. திரையில் அவர் அறியாத ஓர் உலகம் தோன்றியது. தாம் ஏதோ கெடுத்துவிட்டோம் என அஞ்சி, சுவரிலுள்ள மின்விசையை அணைத்துவிட்டார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் இப்படி நடந்தது. நான்காம் வாரம் அவர் வரவில்லை.

நானே சென்று, "அக்கா, ஏன் வரவில்லை?" என்று கேட்டேன். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "தம்பி, உன் வீட்டுக் கணிப்பொறி இப்போதெல்லாம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மாலை ஆறு மணிக்குப் பகல் பன்னிரண்டரை என்று காட்டுகிறது. பிள்ளை படிக்கிற பொருள்; நான் எதற்கு அதைக் கெடுக்க வேண்டும்?" என்றார்.

பொறியில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் அதை அமைத்த நாங்கள் இருவரும் அக்காவை நினைத்துப் பார்க்கவில்லை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

விசையை அழுத்தியதும் நிகழ்வது என்ன?

கணிப்பொறிக்கு உயிர் வந்ததும் விண்டோசோ லினக்சோ உடனே எழுந்து வருவதில்லை. தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல் ஒன்று முதலில் விழிக்கிறது. அது நினைவகம், விசைப்பலகை, வட்டு ஆகியவை நலமாக உள்ளனவா என்று பார்த்தபின், 'இயங்குதளத்தை எழுப்புபவர் யார்?' என்று தேடுகிறது. அவ்வாறு எழுப்பும் நிரலைத் தொடக்க ஏற்றி என்று கூறலாம். ஆங்கிலத்தில் 'பூட் லோடர்' என்பர்.

பழைய பொறிகளில் இந்தத் தொடக்க ஏற்றிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. வட்டின் முதல் துண்டு 512 பைட்டு. அதில் 64 பைட்டு, வட்டு எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்னும் அட்டவணைக்கு. 2 பைட்டு முத்திரைக்கு. எஞ்சிய 446 பைட்டுக்குள் நிரல் அடங்க வேண்டும். ஒரு சிறு பத்திக்கும் போதாத அந்த இடத்தை ஒரே ஒருவர்தாம் ஆள முடியும். பின்னால் வந்தவர் முன்னவரை அழித்துவிட்டு அமர்ந்துகொள்வார். இரண்டு தளங்களை ஒரே பொறியில் வைப்பது அந்நாளில் அச்சத்துக்குரிய காரியமாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

புதிய பொறிகளில் உள்ள முறை யூ.ஈ.எஃப்.ஐ. எனப்படும். இதில் வட்டின் ஒரு சிறு பகுதி, தொடக்க ஏற்றிகளுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. விண்டோஸ் தன் ஏற்றியை அதில் ஒரு கோப்புறையில் வைக்கும். லினக்ஸ் தனதை வேறொரு கோப்புறையில் வைக்கும். எதனை முதலில் அழைப்பது என்னும் வரிசை தாய்ப்பலகையின் நினைவில் இருக்கும். முன்னது ஒற்றை நாற்காலி. பின்னது பலர் அமரும் திண்ணை.

லினக்ஸ் பயன்படுத்துவோரிடம் பெரிதும் வழங்கும் தொடக்க ஏற்றியின் பெயர் 'கிரப்'. 1995-இல் எரிக் போலின் என்பவர் இதனைத் தொடங்கினார். தன் இனத்தைச் சேர்ந்த தளங்களை மட்டுமன்றி விண்டோசையும் பட்டியலில் சேர்த்து, 'எது வேண்டும்?' என்று கேட்கும் தன்மை இதற்கு உண்டு. நாம் பேசும் பட்டியல் இதுதான்.

இரண்டு தளங்கள் எதற்கு?

இது நம் மக்கள் காணாத புதுமை அன்று. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோசோடு 'பாஸ்' எனப்படும் லினக்சும் சேர்த்து இடப்பட்டிருந்தது. 'பாஸ்' என்பது நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய தளம். கணிப்பொறியையே முதன்முறையாகத் தொட்ட எத்தனையோ பிள்ளைகள், 'இரண்டில் எது?' என்ற கேள்வியை அந்தத் திரையில் கண்டிருப்பார்கள்.

இன்று வேறொரு காரணமும் சேர்ந்துள்ளது. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்க்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், அண்மைக் காலச் செயலியும் வேண்டும். ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல பொறிகள் புதியதற்கு ஏற்றவை அல்ல என்று ஒதுக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட பொறியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாமல், வலைத்தளங்களைப் பார்ப்பதற்கும் வங்கி வேலைக்கும் லினக்சை வைத்துக்கொண்டு, கடைக் கணக்கு நிரலுக்கும் பழைய அச்சுப்பொறிக்கும் மட்டும் இணையத் தொடர்பின்றி விண்டோசைத் திறக்கலாம். ஏழைக் குடும்பத்துக்கு இது சிறிய உதவி அன்று.

நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, படி எடுத்தல். கணக்கு, ஒளிப்படம், சான்றிதழ் ஆகிய அனைத்தையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து, அந்த வட்டைப் பொறியினின்று கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். படியெடுத்த கோப்புகளில் நாலைந்தை வேறொரு பொறியில் திறந்தும் பாருங்கள். என் மகன் இதைச் செய்யவில்லை என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. ஒன்றும் அழியவில்லை என்பது உண்மை. ஆயினும் பதினான்கு குடும்பங்களின் ஏழாண்டுக் கணக்கை ஒரு விரல் அசைவு துடைத்திருக்கக்கூடும் என்பதை எண்ணி, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இரண்டாவது, பூட்டின் திறவுகோல். இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் தன் வட்டை 'பிட்லாக்கர்' முறையில் மறைக்குறியாக்கி வைத்திருக்கும். உரிமையாளர்க்கே அது தெரிந்திராது. தொடக்க அமைப்பை மாற்றியதும் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து முன்னதாகவே எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எண் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டா.

மூன்றாவது, 'விரைவுத் தொடக்கம்' என்னும் வசதியை விண்டோசில் நிறுத்துதல். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது இது. இது செயலில் இருக்கும்போது நாம் பொறியை அணைத்தாலும் விண்டோஸ் முழுவதும் உறங்குவதில்லை; பாதிக் கதவைத் திறந்து வைத்தே படுக்கிறது. அந்நிலையில் லினக்ஸ் உள்ளே புகுந்து அதன் கோப்புகளில் எழுதினால் அவை பழுதுபடக்கூடும்.

நான்காவது, இடம் ஒதுக்குதல். விண்டோசின் பகுதியைச் சுருக்கும் வேலையை விண்டோசுக்குள்ளேயே இருக்கும் வட்டு மேலாண்மைக் கருவியால் செய்வதே நன்று. லினக்சுக்குக் குறைந்தது 25 ஜி.பி. வேண்டும், 50 இருந்தால் நெருக்கடி இராது.

நிறுவும் வேளையில்

விண்டோஸ் முன்னும் லினக்ஸ் பின்னுமாக நிறுவப்பட வேண்டும். மாற்றிச் செய்தால், பின்வந்த விண்டோஸ் தன்னையே முதல் வரிசையில் நிறுத்திக்கொள்ளும், பட்டியல் தோன்றாது. வாங்கும்போதே விண்டோஸ் இருந்த பொறியென்றால் இந்தக் கவலை இல்லை.

உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதனையும் நிறுவாமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா என்று அரை நாள் சோதித்துப் பாருங்கள். அந்தப் பென் டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதையும் மறவாதீர்.

நிறுவும் நிரல் ஒரு கட்டத்தில் நம்மைக் கேட்கும்: 'விண்டோசுக்கு அருகில் நிறுவவா? வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவா?' இவ்விரண்டும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். முன்னதைத் தேர்ந்தால் இரண்டும் வாழும். பின்னதைத் தேர்ந்தால் ஒன்றே மிஞ்சும். இக்கட்டத்தில் பேச்சை நிறுத்துங்கள். திரையிலுள்ளதை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் கேட்டு ஒப்ப, அதன்பின் சுட்டியை அழுத்துங்கள். தந்தையும் மகனும் சேர்ந்தமர்ந்து செய்யத்தக்க வேலை இது.

பட்டியலை ஒழுங்கு செய்தல்

பலரும் நிறுவி முடித்த மகிழ்ச்சியில் இதை விட்டுவிடுகிறார்கள். நாங்களும் விட்டோம்.

பட்டியலின் நடத்தையை ஆள்வது ஒரு சிறு எழுத்துக் கோப்பு. லினக்சில் 'இடிசி' என்னும் கோப்புறைக்குள் 'டிஃபால்ட்' என்னும் கோப்புறையில் 'கிரப்' என்ற பெயரில் அது இருக்கும். நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும். அதில் இரண்டு வரிகள் நமக்கு இன்றியமையாதவை.

ஒன்று, 'கிரப் டிஃபால்ட்'. யாரும் எதையும் தேராதபோது எந்தத் தளம் திறக்க வேண்டும் என்பதை இது கூறும். பட்டியலை எண்ணும்போது முதல் வரி ஒன்று அன்று, சுழியம். ஆகவே மூன்றாம் வரியிலுள்ள விண்டோஸ் வேண்டுமாயின் 2 என்று எழுத வேண்டும். வரிகளின் எண்ணிக்கை பின்னர் மாறக்கூடுமாதலின், எண்ணுக்குப் பதில் அந்த வரியின் பெயரை உள்ளபடியே மேற்கோள் குறிக்குள் எழுதுவது இன்னும் பாதுகாப்பானது.

மற்றொன்று, 'கிரப் டைம்அவுட்'. எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்பது இது. சுழியம் என்றால் காத்திராது. கழித்தல் குறியோடு 1 என்று எழுதினால், நாம் தேரும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

மாற்றியபின் கோப்பைச் சேமித்து, 'அப்டேட்-கிரப்' என்னும் கட்டளையை இட வேண்டும். இதை இடாவிட்டால் எழுதியது நடைமுறைக்கு வராது. சில வேளைகளில் பட்டியலில் விண்டோசே காணப்படாது, அஞ்ச வேண்டா. 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், பிற தளங்களைத் தேடும் பணி பாதுகாப்புக் கருதி இயல்பில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அதே கோப்பில் 'கிரப் டிஸேபிள் ஓஎஸ் புரோபர்' என்னும் வரியில் 'ஃபால்ஸ்' என்று எழுதி மீண்டும் அக்கட்டளையை இட்டால் விண்டோஸ் வந்து சேரும்.

இனி அக்கா கண்ட நேரக் குழப்பம். பொறியினுள் ஒரு சிறு மின்கலத்தால் ஓடும் கடிகாரம் உண்டு. விண்டோஸ் அதில் உள்ளூர் நேரம் இருப்பதாகக் கொள்கிறது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை அதில் எழுதி வைக்கிறது. இந்திய நேரம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. ஆகவே லினக்சில் இருந்துவிட்டு விண்டோசுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டும். மாலை ஆறு மணி பகல் பன்னிரண்டரை ஆனது இவ்வாறுதான். 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்னும் ஒரு கட்டளையால் லினக்சையும் உள்ளூர் நேரத்துக்கு இசையச் செய்யலாம்.

பட்டியல் காணாமற்போனால்

விண்டோஸ் பெரிய புதுப்பிப்பு எதையேனும் செய்தபின், பட்டியல் தோன்றாமல் நேரே விண்டோஸ் திறக்கலாம். லினக்ஸ் அழிந்துவிட்டது என்று பதறி மீண்டும் நிறுவாதீர். பெரும்பாலும் வரிசைதான் மாறியிருக்கும். பொறியை முடுக்கும்போதே எஃப்2 அல்லது எஃப்12 போன்ற விசையை அழுத்தி (இது பொறிக்குப் பொறி மாறும்) தொடக்க வரிசையில் லினக்சை மேலே ஏற்றினால் பட்டியல் திரும்பி வரும்.

அதுபோல, என்றேனும் லினக்ஸ் வேண்டா என்று தோன்றினால் அதன் பகுதியை முதலில் அழித்துவிடாதீர். கிரப்புக்கு வேண்டிய கோப்புகள் அந்தப் பகுதியில்தான் உள்ளன; அவை போனபின் கிரப் வழி தெரியாமல் கரிய திரையில் நின்றுவிடும். தொடக்க வரிசையில் விண்டோசை மேலே கொண்டுவந்து, அது நேரே திறப்பதைக் கண்ணால் கண்டபின்னரே அழிக்க வேண்டும்.

முடிவாக

அக்காவைக் கண்டு திரும்பிய அன்றே நானும் மகனும் அமர்ந்து அந்தக் கோப்பைத் திருத்தினோம். "அப்பா, நான்தானே தினமும் பயன்படுத்துகிறேன்? எனக்கு வசதியாக லினக்சே முதலில் திறந்தால் என்ன?" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்விதான். நான் சொன்னேன்: "உனக்கு அம்புக்குறியை அழுத்தத் தெரியும். தெரிந்தவனுக்கு ஒரு விசை கூடுதலாக அழுத்துவது சுமை அன்று. தெரியாதவர் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் தம் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்." சற்று யோசித்தவன், தானே விண்டோசின் பெயரை எழுதினான், காத்திருக்கும் நேரத்தை முப்பது வினாடி ஆக்கினான். கணக்குகளைப் படியெடுத்து அக்கா கையில் ஒரு பென் டிரைவும் கொடுத்தான்.

அம்மா, உங்கள் கேள்விக்கு என் விடை இதுவே. இரண்டு தளங்களும் ஒரு பொறியில் தாராளமாக வாழும். ஆனால் நிறுவுவதற்கு முன், உங்கள் வீட்டில் அந்தப் பொறியின் முன் அமர்வோர் யார் யார் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அவர்களுள் மிகக் குறைவாக அறிந்தவர் யாரோ அவருக்கு அந்தத் தானே திறக்கும் கதவைக் கொடுங்கள். தந்தையின் கணக்கு முன்போலவே திறப்பதை அவர் கண்டுகொண்டால், மகனுக்கு இடம் கொடுக்க அவர் தயங்கமாட்டார்.

சென்ற சனிக்கிழமை அக்கா வந்தார். பட்டியல் தோன்றியது. அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். முப்பது வினாடி கழிந்தது. விண்டோஸ் திறந்தது. நேரம் சரியாக ஆறு காட்டியது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, விட்டுப்போன வாரங்களின் கணக்கை ஒவ்வொன்றாகப் பதியத் தொடங்கினார்.